ஜீவன ஸ்தானம்: ஜோதிடத்தில் தொழில் தேர்வின் இலக்கணமும் எல்லையும்

பிறந்த நேரத்து வானநிலையைக் கொண்டு ஒருவருக்கு ஏற்ற பிழைப்பை அறியலாம் என்பது ஜோதிடத்தின் மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று. ஜாதகத்தின் பன்னிரண்டு பாவங்களில் (இடங்களில்) பத்தாவது பாவம் இதற்காகவே ஒதுக்கப்பட்டுள்ளது. அதை ஜீவன ஸ்தானம், கர்ம ஸ்தானம், தொழில் ஸ்தானம் எனப் பல பெயர்களில் தமிழ் ஜோதிடர்கள் வழங்குகின்றனர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, அரசு வேலை கிடைக்குமா, சொந்தத் தொழில் கைகொடுக்குமா, வெளிநாட்டுப் பயணம் எப்போது என்ற கேள்விகளோடு இன்றும் குடும்பங்கள் ஜாதகக் குறிப்பை எடுத்துச் செல்கின்றன. இக்கேள்விகளுக்கு விடை சொல்லும் முறை எங்கே தோன்றியது, எப்படி வளர்ந்தது, சோதனைகளில் அது பெற்ற முடிவு என்ன, மனநிறைவு தரும் வேலையைத் தேடுவோருக்கு அதனால் ஏதேனும் பயன் உண்டா என்பவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

அலெக்சாந்திரியாவில் தோன்றிய வரையறை

தொழிலைக் கணிக்கும் விதிகளை ஒழுங்குபடுத்தி எழுதியவர்களில் முதன்மையானவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி. அவருடைய டெட்ராபிப்லோஸ் நூலின் நான்காம் பகுதி ‘செயலின் தன்மை’ பற்றித் தனி அத்தியாயமாகப் பேசுகிறது. சூரிய உதயத்துக்கு முன் கீழ்வானில் சூரியனுக்கு மிக அருகில் தோன்றும் கோளையும் உச்சிவானில் நிற்கும் கோளையும் பார்த்துத் தொழிலின் அதிபதியை முடிவு செய்ய வேண்டும் என்பது அவர் விதி. தொழிலின் வகையைத் தருபவை புதன், சுக்கிரன், செவ்வாய் என்ற மூன்று கோள்கள் மட்டுமே. புதன் எழுத்தர்களையும் கணக்கர்களையும் ஆசிரியர்களையும் வணிகர்களையும் உருவாக்குகிறது. சுக்கிரன் நறுமணம், மலர், மது, சாயம், அணிகலன் சார்ந்த தொழில்களைத் தருகிறது. செவ்வாய் சூரியனோடு சேர்ந்தால் சமையல், வார்ப்பு, கொல்லுப்பட்டறை, சுரங்கம் போன்ற நெருப்பும் உலோகமும் கலந்த வேலைகள் அமைகின்றன.

இந்த மரபு இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததற்கு யவனஜாதகம் போன்ற வடமொழி நூல்கள் சான்று. பத்தாம் இடத்துக்கு வராகமிகிரர் வழங்கும் பெயர்களில் ஒன்றான ‘மேஷூரணம்’, உச்சிவானைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வடமொழி வடிவம். ஆனால் இந்திய ஜோதிடம் கிரேக்க விதியை அப்படியே நகலெடுக்கவில்லை. மூன்று கோள்களின் இடத்தில் ஏழு கோள்களை வைத்தது. உதயத்தை அளவுகோலாகக் கொள்ளாமல், ஒரு ராசியை ஒன்பதாகப் பிரிக்கும் நவாம்சம் என்ற பகுப்பைத் தீர்ப்பு சொல்லும் இடமாக ஆக்கியது.

வராகமிகிரரின் நான்கு சுலோகங்கள்

ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினி வட்டாரத்தில் வாழ்ந்த வராகமிகிரரின் பிருகத் ஜாதகம், தொழிலுக்கெனக் ‘கர்மாஜீவம்’ என்ற தனி அத்தியாயத்தை ஒதுக்குகிறது. நூலின் பத்தாம் அத்தியாயமான அது நான்கே சுலோகங்கள் கொண்டது. பின்வந்த இந்திய நூல்கள் எல்லாம் இந்த நான்கின் விரிவுரை என்று சொல்லத்தக்க அளவுக்கு அதன் செல்வாக்கு நீண்டது.

முதல் விதி, செல்வம் யார் வழியாக வரும் என்பதைச் சொல்கிறது. லக்னத்துக்கோ (பிறந்த நேரத்தில் கீழ்வானில் உதிக்கும் ராசி) சந்திரனுக்கோ பத்தாம் இடத்தில் சூரியன் இருந்தால் தந்தை வழியாக, சந்திரன் இருந்தால் தாய் வழியாக, செவ்வாய் இருந்தால் பகைவர் வழியாக, புதன் இருந்தால் நண்பர் வழியாக, குரு இருந்தால் உடன்பிறந்தார் வழியாக, சுக்கிரன் இருந்தால் பெண்கள் வழியாக, சனி இருந்தால் ஏவலர் வழியாகப் பொருள் வரும். பத்தாம் இடத்தில் கோள் எதுவும் இல்லையென்றால் அடுத்த விதி தொடங்குகிறது. லக்னம், சந்திரன், சூரியன் ஆகிய மூன்றிலிருந்தும் தனித்தனியே பத்தாம் இடத்தை எண்ணி, அந்தந்த இடத்து அதிபதி எந்த நவாம்சத்தில் நிற்கிறான் என்று பார்த்து, அந்த நவாம்சத்தின் அதிபதி குறிக்கும் தொழிலைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தொழில்களின் பட்டியல் அக்காலத்துச் சந்தையையும் அரண்மனையையும் வயலையும் ஒருங்கே காட்டுகிறது. சூரியனுக்குப் பொன், கம்பளி, மருந்து. சந்திரனுக்கு உழவு, நீரில் விளையும் பொருள்கள். செவ்வாய்க்கு உலோகம், நெருப்பு, ஆயுதம், துணிவு வேண்டும் செயல். புதனுக்கு எழுத்து, கணிதம், காவியம், சிற்பத் தொழில். குருவுக்குக் கற்றோர், தெய்வப் பணி, சுரங்கம். சுக்கிரனுக்கு மணிகள், வெள்ளி, பசு, எருமை. சனிக்கு உடலுழைப்பு, கொலைத் தொழில், சுமை தூக்குதல். ஒரு சமூகம் தன் வேலைகளை எப்படி வகுத்து, எதை உயர்வென்றும் எதைத் தாழ்வென்றும் வைத்தது என்பதற்கு இப்பட்டியல் ஒரு வரலாற்று ஆவணம். உடல் வருந்தி உழைப்பவர்களின் வேலை முழுவதும் சனியின் கணக்கில் எழுதப்பட்டிருப்பது வானத்தைப் பற்றிய செய்தி அல்ல. தரையில் இருந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிய செய்தி.

பிற்கால நுணுக்கங்கள்

வராகமிகிரருக்குப் பின் விதிகள் பெருகின. தென்னாட்டில் பெரிதும் பயிலப்படும் மந்திரேசுவரரின் பலதீபிகை, கர்மாஜீவப் பட்டியலை விரித்து எழுதியது. பராசரர் பெயரில் வழங்கும் ஹோரை நூல், ஒரு ராசியைப் பத்தாகப் பகுக்கும் தசாம்சத்தைப் பெருஞ்செயல்களுக்கு உரியதாகக் கூறியது. ஜைமினி மரபு, ஜாதகத்தில் மிக அதிகப் பாகை கடந்த கோளை ஆத்மகாரகன் என்றும் அதற்கு அடுத்த கோளை அமாத்தியகாரகன் என்றும் வகுத்தது. தொழிலைச் சொல்வதில் அமாத்தியகாரகனுக்கு இன்று பெரிய இடம் தரப்படுகிறது. தமிழில் புலிப்பாணியின் பெயரில் வழங்கும் ஜோதிடப் பாடல்களும் கீரனூர் நடராசரின் சாதக அலங்காரமும் பாவ பலன்களைச் செய்யுளில் கொண்டுவந்தன.

வழக்கில் இருக்கும் வாய்மொழி விதிகளும் உண்டு. பத்தில் ஒரு பாவியாவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. 3, 6, 10, 11 ஆகிய உபசய இடங்களில் சனி, செவ்வாய், ராகு போன்ற பாபக் கோள்கள் நன்மை செய்யும் என்ற நூல் விதியே இவ்வாறு சுருங்கியது. போட்டியும் கடுமையும் உள்ள இடத்தில் மென்மையைவிட உறுதி உதவும் என்ற உலகியல் அனுபவமும் அதற்குள் இருக்கிறது. கோசாரத்தில் (கோள்களின் நடப்பு நகர்வில்) குரு பத்தாம் இடத்துக்கு வரும்போது பதவிக்கு இடையூறு என்பது இன்னொன்று. ஒன்பதாம் அதிபதியும் பத்தாம் அதிபதியும் இணைவது தர்மகர்மாதிபதி யோகம். 1, 5, 9 ஆகியவை அறத்துக்கும் 2, 6, 10 ஆகியவை பொருளுக்கும் உரிய முக்கோணங்கள் என்பதால், அறமும் பிழைப்பும் ஒரே வழியில் செல்வதை இந்த யோகம் குறிக்கிறது. மனநிறைவு தரும் தொழில் என்று இன்று பேசப்படுவதற்கு மரபு நூல்களில் மிக நெருங்கி வரும் கருத்து இதுவே. மற்றபடி அந்நூல்கள் கேட்பது ‘எதனால் பொருள் வரும்’ என்ற கேள்வியைத்தான். ‘எதில் மனம் நிறையும்’ என்ற கேள்வி பெரும்பாலும் பிற்காலத்தது.

எப்போது என்பதற்கு விம்சோத்தரி திசை பயன்படுகிறது. கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, சனி 19, புதன் 17 என மொத்தம் 120 ஆண்டுகள் ஒன்பது கோள்களுக்குப் பங்கிடப்படுகின்றன. வேலை மாற்றம், பதவி உயர்வு, தொழில் முடக்கம் ஆகியவை திசையையும் அதன் உட்பிரிவான புத்தியையும் வைத்துச் சொல்லப்படுகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி (1908–1972) உருவாக்கிய முறை, ‘கே.பி.’ என்ற பெயரில் இந்தியா முழுவதும் பரவியது. 13 பாகை 20 கலை கொண்ட ஒவ்வொரு நட்சத்திரத்தையும் விம்சோத்தரி ஆண்டுகளின் விகிதத்தில் ஒன்பதாகப் பிரித்து, அந்த உட்பிரிவின் அதிபதியே (உப அதிபதி) முடிவைத் தருவான் என்பது அதன் அடிப்படை. பத்தாம் பாவ முனையின் உப அதிபதி 2, 6, 10 ஆம் இடங்களைக் குறித்தால் சம்பள வேலை; ஏழாம் இடத்தோடு தொடர்பு மிகுந்தால் சொந்த வணிகம் என்று இம்முறையினர் பிரித்துரைப்பர். சில நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையரின் வாழ்க்கை ஏன் வேறுபடுகிறது என்ற பழைய கேள்விக்கும் இந்த நுண்பகுப்பையே விடையாகக் காட்டுவர்.

ஒரு ஜாதகத்தில் விதி இயங்கும் விதம்

நூல் விதி நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை ஒரு கற்பனை ஜாதகத்தில் காணலாம். லக்னம் மேஷம், சந்திரன் விருச்சிகத்தில், சூரியன் கன்னியில் 16 பாகை, புதன் கன்னியில் 28 பாகை, சனி துலாத்தில் 12 பாகை. பத்தாம் இடங்களில் கோள் இல்லை என்று கொண்டால், மேஷத்துக்குப் பத்தாம் இடமான மகரத்தின் அதிபதி சனி. விருச்சிகத்துக்குப் பத்தாம் இடமான சிம்மத்தின் அதிபதி சூரியன். கன்னிக்குப் பத்தாம் இடமான மிதுனத்தின் அதிபதி புதன். ஒரு நவாம்சம் 3 பாகை 20 கலை. அதன்படி சனி மகர நவாம்சத்திலும், சூரியன் ரிஷப நவாம்சத்திலும், புதன் கன்னி நவாம்சத்திலும் விழுகின்றன. ஆகவே தொழிலைத் தருபவர்கள் சனி, சுக்கிரன், புதன் என மூவர்.

வராகமிகிரரின் பட்டியல்படி ஒன்று உடலுழைப்பு, மற்றொன்று மணியும் வெள்ளியும், மூன்றாவது எழுத்தும் கணக்கும். இவற்றில் வலிமை மிக்கதைக் கொள்ள வேண்டும் என்பது விதி. இந்த ஜாதகத்திலோ சனி துலாத்தில் உச்சம். புதன் கன்னியில் ஆட்சி பெற்று, ராசியிலும் நவாம்சத்திலும் ஒரே இடத்தில் நிற்பதால் வர்கோத்தமம். இருவரும் வலியவர்கள். ஒரு ஜோதிடர் சனியைக் கொண்டு இரும்பு, இயந்திரம், கட்டுமானம் என்பார். இன்னொருவர் புதனைக் கொண்டு கணக்கு, எழுத்து, மென்பொருள் என்பார். மூன்றாமவர் மூன்றையும் இணைத்து நகைக்கடைக் கணக்கர் வேலையைச் சொல்லக்கூடும். மூவருமே விதியை மீறவில்லை. ஏழு கோள்களில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு தொழில்கள் என்றாகும்போது, ஊரில் உள்ள வேலைகளில் பெரும்பகுதி அந்த வலைக்குள் வந்துவிடுகிறது. தசாம்சமும் அமாத்தியகாரகனும் திசையும் சேர்ந்தால் வலை இன்னும் அகலும். நுணுக்கம் கூடக் கூட விடை ஒன்றாகக் குவிய வேண்டும். இங்கே தெரிவுகள்தாம் பெருகுகின்றன.

அடிப்படைக் கணக்கிலும் உடன்பாடு இல்லை. மேலை ஜோதிடம் வசந்த சமநாள் புள்ளியிலிருந்து எண்ணும் சாயன ராசிச் சக்கரத்தையும் இந்திய ஜோதிடம் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்ட நிராயனச் சக்கரத்தையும் கொள்வதால் இரண்டுக்கும் இன்று ஏறத்தாழ 24 பாகை வேறுபாடு; இதற்கு அயனாம்சம் என்று பெயர். ஒரே மனிதருக்கு இரு மரபிலும் பெரும்பாலான கோள்கள் வேறு வேறு ராசியில் விழும். இந்திய மரபுக்குள்ளேயே லாஹிரி அயனாம்சத்துக்கும் பெங்களூர் ஜோதிடர் பி. வி. ராமன் கொண்ட அயனாம்சத்துக்கும் இடையே ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவான வேறுபாடு உண்டு. நவாம்சத்தின் அகலமே 3 பாகை 20 கலை என்பதால், இவ்வேறுபாடு பல கோள்களை அடுத்த நவாம்சத்துக்குத் தள்ளிவிடும். சுக்கிர திசையில் பிறந்தவருக்கு அதே வேறுபாடு திசைக் கணக்கை இரண்டு ஆண்டுக்கும் மேல் நகர்த்தும். தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்ற பிரிவும் இதனோடு சேர்கிறது. கே.பி. முறையின் மிகச் சிறிய உட்பிரிவு 40 கலை. சராசரியாக அது இரண்டே முக்கால் நிமிடத்துக்குள் எழுந்து மறையும். பிறந்த நேரத்தை ஐந்து நிமிடத்துக்கு முழுமையாக்கி எழுதிய குறிப்பு ஒன்றே அந்தக் கணிப்பைக் கலைத்துவிடும்.

காலத்தோடு மாறும் பட்டியல்

தேசம், காலம், பாத்திரம் அறிந்து பலன் சொல்ல வேண்டும் என்பது ஜோதிடத்தின் மதிக்கத்தக்க அறிவுரை. ஒரே கோள்நிலை அரசனுக்கு ஒன்றையும் உழவனுக்கு வேறொன்றையும் தரும் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது. இந்த நெகிழ்ச்சிதான் பழைய பட்டியலை இன்றுவரை வாழவைத்தது. ஓலையில் எழுதுபவனைக் குறித்த புதன் பிறகு அச்சகத்தாரையும் இதழாளரையும் தணிக்கையாளரையும் குறித்து, இப்போது மென்பொருள் பொறியாளரைக் குறிக்கிறது. ஆயுதம் ஏந்திய செவ்வாய் காவல்துறையையும் ராணுவத்தையும் மின்துறையையும் மனை வணிகத்தையும் சேர்த்துக்கொண்டது. வராகமிகிரரின் தொழில் பட்டியலில் இடம்பெறாத ராகு, வெளிநாட்டு வேலைக்கும் திரைத்துறைக்கும் விமானத்துக்கும் உரியதாயிற்று.

இந்த மாற்றத்தின் திசை கவனிக்கத்தக்கது. புதிய தொழில் முதலில் உலகில் தோன்றுகிறது; அதன் பிறகே அதற்கு ஒரு கோள் ஒதுக்கப்படுகிறது. மென்பொருள் என்றொரு தொழில் வரப்போகிறது என்று எந்த ஜாதக நூலும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உவமைப் பொருத்தம் ஒன்றே கோளையும் தொழிலையும் இணைக்கும் கயிறு: எழுத்தும் கணக்கும் புதன் என்றால், கணக்கிடும் கருவிக்கு எழுதுவதும் புதன்.

பெண்களின் தொழிலை மரபு நூல்கள் நடத்திய விதமும் இதே உண்மையைக் காட்டுகிறது. பிருகத் ஜாதகத்தில் பெண் ஜாதகம் பற்றிய அத்தியாயம், பெண்ணுக்குப் பொருந்தாத பலன்களை அவள் கணவனுக்கு உரியதாகச் சொல்லும்படி பணிக்கிறது. அதன்படி ஒரு பெண்ணின் பத்தாம் இடம் வலுத்திருந்தால் அதன் பயன் அவள் கணவனின் தொழிலில் தேடப்படும். இன்றைய ஜோதிடர் அதே இடத்தைக் கொண்டு அவளுக்கு மருத்துவமோ ஆட்சிப் பணியோ சொல்கிறார். வானம் மாறவில்லை, பள்ளிக்கூடமும் வாக்குரிமையும் ஊதியமும் பெண்களை எட்டின. பலனை மாற்றியவை அவையே.

சோதனைகள் சொல்வது

கோளுக்கும் தொழிலுக்கும் உள்ள உறவைப் பெருந்தொகையான பிறப்புக் குறிப்புகளில் தேடியவர் பிரான்சு நாட்டின் மிஷேல் கோக்லான். 1955இல் வெளிவந்த அவருடைய முதல் நூல், புகழ்பெற்ற மருத்துவர்கள், விளையாட்டு வீரர்கள், நடிகர்கள், படைத்தலைவர்கள் ஆகியோரின் பிறந்த நேரங்களை ஆராய்ந்தது. ராசிகளும் கோள்களின் பார்வைகளும் தொழிலோடு எந்த உறவும் காட்டவில்லை. ஆனால் சிறந்த விளையாட்டு வீரர்கள் பிறந்தபோது செவ்வாய் கீழ்வானில் உதித்த உடனோ உச்சியைக் கடந்த உடனோ நின்றது எதிர்பார்ப்பைவிடக் கூடுதலாக இருந்தது என்றார்: எதிர்பார்த்தது ஏறத்தாழ 17 விழுக்காடு, கண்டது 22 விழுக்காடு. ‘செவ்வாய் விளைவு’ என்ற பெயரில் இது பல பத்தாண்டுகள் விவாதிக்கப்பட்டது. வீரர்களைத் தெரிவு செய்த முறையில் சாய்வு இருந்தது என்றும், பெற்றோர் பதிவு செய்த பிறந்த நேரங்கள் நம்பத்தக்கவை அல்ல என்றும் விமர்சகர்கள் காட்டினர். பிரெஞ்சுக் குழு ஒன்று 1990களில் வெளியிட்ட தனிச் சோதனையில் அந்த விளைவு தென்படவில்லை.

கோக்லானின் எண்களை அப்படியே ஏற்றாலும் அவை தொழில் தேடுபவருக்கு உதவா. அவர் கண்ட கூடுதல், துறையில் உச்சம் தொட்டவர்களிடம் மட்டுமே இருந்தது. சாதாரணமாக அத்துறையில் இருந்தவர்களிடம் இல்லை. அவர் குறித்த வானப் பகுதிகள் மரபுப்படி பன்னிரண்டாம், ஒன்பதாம் இடங்களை ஒட்டியவை. மரபு தொழிலுக்கு முதன்மை தரும் பத்தாம் இடம் அவற்றில் இல்லை. நூறு வீரர்களில் ஐந்து பேர் கூடுதல் என்ற அளவிலான வேறுபாடு ஒரு தனி மனிதரின் முடிவுக்கு அடிப்படையாகவும் முடியாது.

1985இல் நேச்சர் இதழில் ஷான் கார்ல்சன் வெளியிட்ட இருதரப்பும் அறியாச் சோதனையில் 28 ஜோதிடர்கள் பங்கேற்றனர். ஒரு ஜாதகமும் மூன்று ஆளுமை வினாத்தாள் முடிவுகளும் அவர்களுக்குத் தரப்பட்டன. அம்மூன்றில் ஜாதகருக்கு உரியதைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதியளவாவது சரியாகும் என்பது ஜோதிடர்களின் எதிர்பார்ப்பு. கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு. குருட்டாம்போக்கில் தெரிவு செய்தாலும் அவ்வளவே கிடைக்கும். இந்தியாவில் வானியற்பியலர் ஜயந்த் நார்லீகர் தலைமையில் மகாராஷ்டிரத்தில் 2008இல் நடந்த சோதனை நம் மரபுக்கு இன்னும் நெருக்கமானது. படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், அறிவு வளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களிலிருந்து 40 வீதம் 27 ஜோதிடர்களுக்கு அனுப்பி, யார் எவர் என்று பிரிக்கக் கேட்டனர். சராசரி வெற்றி 46 விழுக்காடு; நாணயம் சுண்டினால் கிடைக்கும் பாதிக்கும் சற்றுக் கீழே. கல்வியின் எதிர் எதிர் முனைகளில் நிற்கும் இரு பிரிவினரையே ஜாதகம் பிரித்துக் காட்டவில்லை என்றால், பொறியியலா வணிகவியலா என்ற நுண்ணிய தெரிவை அது காட்டும் என எதிர்பார்க்க அடிப்படை இல்லை.

பொருந்துவதாகத் தோன்றுவது ஏன்

சோதனையில் தோற்கும் ஒன்று அனுபவத்தில் பொருந்துவதாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு, அவரவர் ஆளுமைச் சோதனையின் முடிவு என்று சொல்லி ஒரு குறிப்பைக் கொடுத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு. அதன் வாசகங்களைக் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து திரட்டியிருந்தார். தங்களுக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. கோக்லானும் இதுபோல ஒன்று செய்தார். கொடிய கொலைகாரர் ஒருவரின் ஜாதகப் பலனை, அது யாருடையது என்று சொல்லாமல், விளம்பரத்துக்கு விடையளித்த 150 பேருக்கு அவரவர் பலனாக அனுப்பினார். 94 விழுக்காட்டினர் அது தங்களைச் சரியாகச் சொல்வதாகக் கூறினர்.

அரிதென்று கருதப்படும் யோகங்கள் உண்மையில் பரவலாக இருப்பது இன்னொரு காரணம். சூரியனும் புதனும் ஒரே ராசியில் இருந்தால் புத ஆதித்ய யோகம். அறிவும் கல்வித் தொழிலும் தரும் என்பர். வானில் புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. ஆகவே இந்த யோகம் மிகச் சாதாரணமாக அமையும். யோகம் உள்ள ஆசிரியரை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே யோகம் இருந்தும் வேறு வேலையில் இருப்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாவதாக, கணிப்பே நிகழ்வை உருவாக்கும். அரசு வேலை உண்டு என்று கேட்ட பிள்ளை ஊக்கத்தோடு தேர்வெழுதுகிறது. வணிகம் ஆகாது என்று கேட்டவர் கடை வைக்கும் எண்ணத்தையே விடுகிறார். இரண்டிலும் ஜோதிடர் சொன்னது நடந்ததாகவே தோன்றும். நடக்காமல் போன வாழ்க்கைக்குச் சாட்சி கிடையாது. ஜோதிடத்தால் விளையும் கேடுகளில் மிகப் பெரியது இதுவே: முயன்றிருந்தால் முடிந்திருக்கக்கூடிய ஒன்று முயலப்படாமலே போவது.

நிறைவு எங்கிருந்து வருகிறது

தொழில் வழிகாட்டல் தனித்துறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். ஃபிராங்க் பார்சன்ஸ் 1908இல் பாஸ்டன் நகரில் இதற்கென ஒரு நிலையம் தொடங்கினார். அவர் மறைந்த பின் 1909இல் அவருடைய நூல் வந்தது. தன்னை அறிதல், தொழில்களின் தேவையையும் வாய்ப்பையும் அறிதல், இரண்டுக்கும் உள்ள உறவைத் தெளிவாக எண்ணிப் பார்த்தல் என்ற மூன்றே அவர் சொன்ன வழி. 1959இல் ஜான் ஹாலண்ட் மனிதர்களின் நாட்டத்தைக் கைவேலை, ஆய்வு, கலை, சேவை, முனைவு, ஒழுங்குமுறை என ஆறாக வகுத்தார். கோள்களின் வகைப்பாட்டோடு இதற்கு மேலோட்டமான ஒற்றுமை உண்டு. ஆனால் ஹாலண்டின் வகை, ஒருவர் எதை விரும்புகிறார், எதைச் செய்ய முடிகிறது என்று அவரிடமே கேட்டுப் பெறுவது, தவறினால் திருத்தப்படக்கூடியது.

வேலையின் அமைப்பும் நிறைவைத் தீர்மானிக்கிறது. ஹாக்மேன், ஓல்டாம் இருவரும் 1970களில் உருவாக்கிய மாதிரி ஐந்து கூறுகளைச் சொல்கிறது: பலவகைத் திறமைக்கு இடம், ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்ய வாய்ப்பு, அது பிறருக்குப் பயன்படுகிறது என்ற உணர்வு, சுதந்திரம், செய்தது சரியா என்று தெரிந்துகொள்ளும் வழி. 1997இல் எமி ரெஸ்நெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், மக்கள் தம் வேலையைப் பிழைப்பாகவோ, முன்னேறும் படியாகவோ, வாழ்வின் அழைப்பாகவோ காண்பதை விளக்கினர். ஒரே பணியைச் செய்யும் அலுவலக உதவியாளர்களிடம்கூட இம்மூன்று நோக்குகளும் காணப்பட்டன. தொழிலின் பெயர் நிறைவைத் தந்துவிடுவதில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கோளுக்கு ஒரு தொழில் பெயரைப் பொருத்தும் முறை, கணிப்பில் வென்றிருந்தாலும், நிறைவைப் பற்றிய கேள்விக்கு விடையளித்திருக்காது.

எஞ்சும் பயன்

இவ்வளவு சொன்ன பின்னும் பத்தாம் பாவத்தைச் சுற்றி எழுந்த மரபில் காக்கத்தக்கது உண்டு. அது அதன் கேள்விகள். பொருள் யார் வழியாக வருகிறது என்று வராகமிகிரர் கேட்டார்: குடும்பமா, நண்பரா, எதிர்த்து நிற்பவரா, கீழே உழைப்பவரா. சம்பளமா வணிகமா என்று ஆறாம் இடமும் ஏழாம் இடமும் கேட்கின்றன. இந்தப் பிழைப்பு அறத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒன்பதாம் அதிபதியின் சேர்க்கை கேட்கிறது. இப்போது தொடங்கலாமா, பொறுத்திருப்பதா என்று திசை கேட்கிறது. வேலை தேடும் எவரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. வேலையைப் பற்றி வீட்டில் வாய்திறக்காத பிள்ளையும் தந்தையும் ஜோதிடர் முன் உட்காரும்போது இக்கேள்விகள் பேசப்படுகின்றன என்பதும் அந்தச் சந்திப்பின் மெய்யான நன்மை. விடைகளோ வேறிடத்திலிருந்து வர வேண்டும்: மதிப்பெண்ணும் நாட்டமும் காட்டும் திறமை, துறையில் இருப்பவர்களோடு உரையாடல், சில வாரப் பயிற்சி வேலை, குடும்பத்தின் பொருள்நிலை, சந்தையின் தேவை.

ஆகவே ஜாதகம் பார்ப்பவர்கள் சில வரம்புகளைக் கடைப்பிடிப்பது நல்லது. ஜோதிடர் சொல்வது ஒரு துறையை எண்ணிப் பார்க்கத் தூண்டினால் ஏற்கலாம். ஒரு துறையை மூடினால் ஏற்கலாகாது. பிள்ளை விரும்பித் தகுதியும் பெற்ற படிப்பை, கோள்நிலை ஒவ்வவில்லை என்று மறுப்பது அநீதி. பரிகாரத்துக்கும் ரத்தினக் கல்லுக்கும் செலவிடும் பணம் அதே பிள்ளையின் பயிற்சிக்குச் சென்றால் பலன் அளந்து பார்க்கக்கூடியதாக இருக்கும். வேலையை விடுவது, கடன் வாங்கித் தொழில் தொடங்குவது போன்ற மீட்க முடியாத முடிவுகளைத் திசை புத்தியின் பேரில் மட்டும் எடுக்கக் கூடாது. ஜோதிடரும் தம் கூற்றை ஒரு யோசனையாக வைத்து, ஜாதகர் சொல்லும் நாட்டத்துக்கு முதலிடம் தர வேண்டும். தேசம், காலம், பாத்திரம் என்ற பழைய அறிவுரையை முழுமையாகப் பின்பற்றினால் அது இங்கேதான் கொண்டுவந்து சேர்க்கும்: பாத்திரம் என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர், அவர் தொழிலைப் பற்றி மிக அதிகம் அறிந்தவரும் அவரே.